குதிகால் சூடு – கடிதமும் பதிலும்

வணக்கம்.

உங்கள் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் நர்சிங் அசிஸ்டெண்ட் வேலை பார்த்த வார்டு அக்கா ஒருவரைப் பற்றி இரண்டே வரி வருகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பி.எஸ்சி. நர்சிங் கிடைக்கவில்லை. ஓராண்டு நர்சிங் அசிஸ்டெண்ட் கோர்ஸில் சேரப்போகிறேன் என்கிறாள். "இவ்வளவு படித்துவிட்டு மலஜலம் அள்ளவா போகிறாய்?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. பதினேழு நாள் வார்டில் இருந்தவர் நீங்கள். அந்த வேலை உண்மையில் என்ன? சேர்க்கலாமா?

ஒரு வாசகர், திண்டுக்கல்

*

அன்புள்ள நண்பருக்கு,

மலஜலம் எடுக்கிற வேலையும் அதில் உண்டு. அதை மறைத்து, 'புனிதமான சேவை' என்றெல்லாம் நான் ஆரம்பித்தால் உங்கள் மகளே சிரிப்பாள். ஆனால் நீங்கள் 'எடுக்க' என்று எழுதவில்லை, 'அள்ள' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நம் ஊரில் யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் கோபத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பதினேழு நாளுக்கு முன்னால் நானும் அப்படித்தான் இருந்தேன்.

படுத்தபடியே மலஜலம் கழிக்க அடியில் வைக்கிற பெட்பேனையே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் என்ன இருக்கிறது என்று முதல் நாள் நானே வைத்தேன். அகலமான விளிம்பு இடுப்புப் பக்கம் போக வேண்டும். நான் திருப்பி வைத்துவிட்டேன். விரிப்பு, தலையணை, அப்பாவின் வேட்டி எல்லாம் நாசம். அந்த அக்கா வந்து என்னைத் திட்டவில்லை. அப்பாவை ஒருக்களிக்க வைத்து, அழுக்கு விரிப்பை நீளவாக்கில் முதுகு வரை சுருட்டினார். அதை ஒட்டிப் புது விரிப்பில் பாதியை விரித்தார். அப்பாவை இந்தப் பக்கம் புரட்டி, அழுக்கை உருவி, மறுபாதியை இழுத்துச் செருகினார். அப்பாவைக் கட்டிலிலிருந்து இறக்கவே இல்லை. வேலை நடந்த நேரம் முழுக்க அவரிடம் பேசிக்கொண்டே இருந்தார். அப்பாவுக்குப் பேச்சு போயிருந்தது, பதில் வராது என்று அவருக்கும் தெரியும். "அய்யா, இப்ப வலப்பக்கம் திரும்பப் போறோம், பயப்படாதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் கையை வைத்தார்.

நான் இரண்டு வரியில் கடந்துபோன விஷயத்தை இப்போது கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஐந்து நாள் வேறோர் இடத்தில் அப்பா மல்லாக்கவே கிடந்திருந்தார். இங்கே வந்த அன்று சாயங்காலம் அந்த அக்கா போர்வையை விலக்கி, இரண்டு குதிகாலிலும் மாறி மாறிப் புறங்கையை வைத்துப் பார்த்தார். "இது சுடுது, அது சுடல. தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டுப் பார்த்தேன். செயலிழந்த வலது காலின் குதி மட்டும் சூடாக, கொஞ்சம் கொழகொழவென்று இருந்தது. பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைத் தோலாக இருந்தால் படுக்கைப்புண்ணுக்கு முந்தைய சிவப்பு பளிச்சென்று தெரியும். அழுத்தினால் அது வெளுக்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கமான சோதனை. நம்முடைய கறுத்த தோலில் அது சரியாகப் புலப்படாது. சூடு, கெட்டி, கொழகொழப்பு என்று கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். சிஸ்டர் டாக்டரிடம் சொன்னார். கெண்டைக்கால் முழுவதையும் தாங்குகிற மாதிரி தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார்கள். இரண்டு மணிக்கொரு முறை திருப்பல். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுபோவதால் வருவதுதான் படுக்கைப்புண். பிட்ட எலும்பு, இடுப்பு, குதிகால் என்று சதை குறைவான இடங்களில்தான் பிடிக்கும். நோயாளியைத் தரதரவென்று மேலே இழுப்பதும் அதே அளவுக்குக் கெடுதல்: தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும். அதனால் உடம்புக்கடியில் குறுக்காகப் போட்ட விரிப்பை இரண்டு பேர் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்துவார்கள். அப்பாவுக்குப் புண் வரவில்லை.

இன்னொரு நாள், ட்யூப் வழியாகச் சிறுநீர் இறங்குகிற யூரின் பேக்கில் மதியம் வரை ஒன்றுமே சேரவில்லை. பெரியவர்களுக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்ததால் கிட்னி போய்விட்டதென்று நான் கண் கலங்கிவிட்டேன். அக்கா அப்பாவின் தொடைக்கடியில் கையை விட்டார். ட்யூப் மடங்கிக் கிடந்தது. நேராக்கியதும் சரசரவென்று இறங்கியது. அளவு ஜாடியில் ஊற்றி, குனிந்து கண் மட்டத்தில் வைத்துப் பார்த்து, சிஸ்டரிடம் எண்ணைச் சொன்னார். சார்ட்டில் எழுதுவது சிஸ்டர். அந்த எண் வந்தது அக்காவின் கண்ணிலிருந்து.

சரி, இதன் மறுபக்கமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். சம்பளம் குறைவு. பல இடங்களில் ஏஜென்ஸி மூலம் ஒப்பந்த வேலைதான். நைட் ட்யூட்டி உண்டு, ஆளைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விடும். சின்ன நர்சிங் ஹோம்களில் இவர்களை ஊசி போடவும் சொல்வார்கள். அது இவர்கள் செய்யக்கூடாத வேலை. ஏதாவது ஆகிவிட்டால் மாட்டுவதும் இவர்கள்தான். அப்புறம், எல்லோரும் அந்த அக்கா இல்லை. அப்பாவை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனவர் லிஃப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். நூறு ரூபாய் கொடுத்த பிறகுதான் சக்கரம் உருண்டது.

முக்கியமான விஷயம் கோர்ஸ். 'நர்சிங்' என்று போர்டு போட்ட எல்லாமே நர்ஸ் ஆக்கிவிடாது. இரண்டு வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ், மருத்துவச்சிப் படிப்பு), மூன்று வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், மருத்துவச்சி டிப்ளமோ), நான்கு வருட பி.எஸ்சி. ஆகியவற்றை அங்கீகாரம் பெற்ற இடத்தில் படித்தவர்கள்தான் தமிழ்நாடு நர்ஸ்கள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். ஓராண்டு அசிஸ்டெண்ட் சான்றிதழை வைத்துக்கொண்டு பிற்பாடு ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம் என்று யாராவது சொன்னால் அது பொய். அசிஸ்டெண்ட் வேலைக்கே போகிறேன் என்றால் தாராளமாகச் சேரட்டும், ஆனால் படுக்கை உள்ள மருத்துவமனையில் எத்தனை மாதம் பயிற்சி என்று கேளுங்கள். பொம்மையைப் புரட்டிப் பழகினால் குதிகால் சூடு தெரியாது. நர்ஸ் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், பி.எஸ்சி. போனால் போகட்டும், ஜி.என்.எம். இருக்கிறது.

இதில் எது என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்திலும் இல்லை. மகளிடம் அதை மட்டும் கேளுங்கள். பணம் கட்டப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கவுன்சில் பதிவு பற்றிய கேள்வியை அவளே கேட்கட்டும்.

அன்புடன்.