முன்பல்லில் புதிதாக இடைவெளி: 42 வயதில் கிளிப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. இரண்டு வருடமாக மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து, அகலமாகிக்கொண்டே போகிறது. வலி எதுவும் இல்லை. இந்த வயதில் கிளிப் போடலாமா, வெளியே தெரியாத அலைனரே (கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற பல் உறை) போதுமா?

பதில்: வயது தடையே இல்லை. ஈறும் எலும்பும் நன்றாக இருந்தால் அறுபதிலும் பல் நகரும். ஆனால், சிறு வயதில் இல்லாத இடைவெளி இப்போது ஏன் விழுந்தது? முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பெரியவர்களுக்கு முன்பல் இப்படி விரிவதற்கு முக்கியக் காரணம் ஈறு நோய். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால், நாக்கும் கடியும் தரும் சாதாரண அழுத்தத்துக்கே பல் முன்னால் சாய்ந்துவிடும். வலி இல்லை என்பதை வைத்து ஈறு நோய் இல்லை என்று சொல்ல முடியாது. கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டுப் பல் கட்டாமல் விட்டிருந்தாலும், கடிக்கும் பாரம் முன்பற்கள்மேல் இறங்கி இதே நிலை வரலாம்.

எனவே கிளிப்புக்கு முன் ஈறு பரிசோதனை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஆழம் அளப்பார்கள். 3 மி.மீ. வரை பிரச்சினையில்லை, 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் போய் ரத்தமும் கசிந்தால் கவனிக்க வேண்டும். எலும்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது எக்ஸ்ரேயில் தெரியும். வீக்கம் அடங்காத ஈறில் பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்து, சில மாதம் கழித்து மறுபடி அளந்து, கசிவு நின்ற பிறகே கிளிப். ஆரம்ப நிலையென்றால் இந்தச் சிகிச்சையிலேயே இடைவெளி கொஞ்சம் சுருங்குவதும் உண்டு.

சர்க்கரை நோய், புகைப்பழக்கம் இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசியோ எடுத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். பல் நகர்வது மந்தமாகும், பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. இழந்த பல்லுக்கு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) வைக்கும் எண்ணமிருந்தால் அவசரப்படாதீர்கள். வைத்த இம்ப்ளான்ட்டை நகர்த்த முடியாது.

சாய்ந்த பல்லை உள்ளே இழுக்க அலைனர் பெரும்பாலும் போதும், தினமும் 20 முதல் 22 மணி நேரம் போடுவீர்கள் என்றால். கழற்றிவிட்டுப் பல் துலக்கலாம் என்பதால் ஈறு பலவீனமானவர்களுக்கு அது வசதியும்கூட. ஆனால் கீழ்ப்பற்கள் மேல்பற்களின் பின்புறத்தில் முட்டினால், அந்தக் கடியைச் சரிசெய்யாமல் இடைவெளியை மட்டும் மூடிப் பயனில்லை, மறுபடி விரியும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: எலும்பு இறங்கிய இடத்தில் பற்கள் சேர்ந்த பிறகு ஈறருகே சின்னதாய்க் கறுப்பு முக்கோணம் போல ஒரு சந்து தெரியலாம். பல்லின் பக்கங்களை இம்மியளவு தேய்த்தோ, பல் நிறப் பூச்சு வைத்தோ குறைக்கலாம். முழுதாக மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முடிந்ததும் பற்களின் பின்புறம் மெல்லிய கம்பியை ஒட்டுவார்கள். உங்கள் நிலையில் அது ஆயுள் முழுக்க இருக்க வேண்டியது. கம்பிக்கு அடியில் தினமும் இடுக்குப் பிரஷ் போடுங்கள். ஒரு பல்லில் ஒட்டு விட்டாலும் உடனே போய் ஒட்டிக்கொள்ளுங்கள். சில நாள் தள்ளிப்போட்டாலே பல் நகர ஆரம்பித்துவிடும்.