இணையத்தில் துணை தேடுகிறீர்களா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: லண்டனில் டாக்டர் என்று சொல்லும் ஒருவர், மேட்ரிமோனி தளம் வழியாக என் தங்கையோடு மூன்று வாரமாகப் பேசுகிறார். ஐபோனும் நகையும் பார்சலில் அனுப்பியிருக்கிறாராம். இன்று டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸ் என்று ஒரு பெண் போன் செய்து 38,500 ரூபாய் கட்டச் சொல்கிறார். வளையலை அடகு வைக்கட்டுமா என்கிறாள் தங்கை.
- வாசகி, குடியாத்தம்

பதில்: அடகுக் கடைப் பக்கமே போக வேண்டாம். அப்படியொரு பார்சலே கிடையாது. வெளிநாட்டிலிருந்து நிஜமாகவே பார்சல் வந்தால், சுங்க வரியைத் தபால் நிலையமோ கூரியர் நிறுவனமோ ரசீதோடு வசூலிக்கும். எந்தச் சுங்க அதிகாரியும் போனில் கூப்பிட்டு, தனிநபர் கணக்கில் பணம் போடச் சொல்வதில்லை. முத்திரை குத்திய கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் மயங்காதீர்கள். சுங்கத்துறைக் கடிதங்களில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கும். அதை சுங்கத்துறையை நிர்வகிக்கும் மத்திய வாரியமான சிபிஐசியின் இணையதளத்தில் போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

கட்டினாலும் அதோடு விடமாட்டார்கள். 'ஸ்கேன் செய்ததில் உள்ளே பவுண்டு நோட்டுக் கட்டு இருக்கிறது, அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும்' என்று ஒரு தொகை கேட்பார்கள். அடுத்து வருமான வரி, பிறகு கைது மிரட்டல். இவ்வளவு கட்டியாயிற்றே, இன்னும் கொஞ்சம்தானே என்ற நினைப்பை வைத்தே தொகையை ஏற்றுவார்கள். பணம் போடச் சொன்ன கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். டாக்டர் பெயரும் இருக்காது, சுங்கத்துறை பெயரும் இருக்காது. கமிஷனுக்காக யாரோ கொடுத்த கணக்காக இருக்கும்.

பிளாக் செய்யும் முன் உரையாடல், போன் எண்கள், கணக்கு எண், புரொஃபைல் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு தளத்தில் புகார் செய்யுங்கள். தங்கையை மட்டும் திட்டாதீர்கள். வெளியே சொன்னால் அவமானம் என்று பயந்துதான் பலர் அடுத்த தவணையையும் கட்டுகிறார்கள்.

கேள்வி: எந்த ஆப்பை நம்பலாம்? நீல டிக் இருந்தால் போதுமா?
- வாசகர், காட்பாடி

பதில்: போதாது. பெரும்பாலும் அந்த டிக், மொபைலுக்கு ஓடிபி போனது அல்லது செல்ஃபியும் புரொஃபைல் படமும் ஒத்துப்போனது என்பதற்கு மட்டும்தான். வேலை, சம்பளம், ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா என்பதெல்லாம் அதில் தெரியாது.

குறைதீர் அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். மேட்ரிமோனி தளங்கள் உறுப்பினரிடம் அடையாளச் சான்று வாங்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. சான்று எதுவும் கேட்காமல் ஐந்து நிமிடத்தில் கணக்குத் திறக்க விடுகிற தளத்தில் போலிகளும் அப்படியே நுழையலாம். ஒவ்வொரு மெசேஜுக்கும் 'காயின்' வாங்கச் சொல்லும் ஆப், சேர்ந்த அன்றே பத்துப் பெண்கள் 'ஹாய்' சொல்லும் ஆப் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நிறுவும் ஏபிகே ஃபைல் வாட்ஸ்அப்பில் வந்தால், அதை இன்ஸ்டால் செய்யவே கூடாது. இன்னொன்று: சந்தா கட்டிய ஆப்பை அழித்தால் ஆட்டோபே நிற்காது. பணம் கட்டிய யுபிஐ ஆப்பிலோ பிளே ஸ்டோரிலோ போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

ஆளைப் பொறுத்தவரை, படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். வீடியோ காலில் பக்கவாட்டில் திரும்பச் சொல்லுங்கள், கையை முகத்துக்குக் குறுக்கே ஆட்டச் சொல்லுங்கள். போலி முகம் பல சமயம் அங்கே பிசிறும். முதல் சந்திப்பு பகலில், வேலூர் கோட்டை மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இருக்கட்டும். எங்கே, யாரோடு என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: வீடியோ காலை ரெக்கார்டு செய்துவிட்டு, நண்பர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டுகிறார்கள்.
- வாசகர், ஆம்பூர்

பதில்: ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கொடுக்கிறவர் என்று தெரிந்துகொண்டு திரும்பத் திரும்பக் கேட்பார்கள். மிரட்டல் மெசேஜ்களைச் சேமித்துவிட்டு பிளாக் செய்யுங்கள். சமூக வலைதளங்களில் நண்பர் பட்டியலை மறையுங்கள். அது அந்தரங்க வீடியோவாக இருந்து, உங்கள் கையிலும் இருந்தால், அப்படிப்பட்ட படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டாப் என்சிஐஐ தளத்தைப் பயன்படுத்தலாம். படத்தை அனுப்பத் தேவையில்லை. அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும், அதில் இணைந்துள்ள தளங்கள் பதிவேற்றத்தைத் தடுக்கும். இது 18 வயது நிரம்பியவர்களுக்கு. நெருக்கமான ஓரிருவரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் மிரட்டலுக்குப் பாதி பலம் போய்விடும்.

கேள்வி: டேட்டிங் ஆப்பில் பழகியவர் சொன்ன டிரேடிங் ஆப்பில் 5,000 போட்டேன், 6,200 எடுக்க முடிந்தது. அதை நம்பி நேற்றிரவு 2 லட்சம் போட்டேன். இப்போது எடுக்க வேண்டுமானால் வரி கட்டச் சொல்கிறது.
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: முதலில் வந்த 6,200 உங்களை நம்ப வைக்கப் போட்ட தூண்டில். திரையில் தெரியும் லாபம் வெறும் எண். வரி என்று இனி எதுவும் கட்டாதீர்கள். இதைப் படிக்கும் இந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் கணக்கு கணக்காகக் கைமாறும் முன் சொன்னால்தான் வங்கிகள் நிறுத்தி வைக்க முடியும். தொகை, நேரம், உங்கள் வங்கிக் கணக்கு எண், பரிவர்த்தனையின் அடையாள எண்ணான யுடிஆர் எண் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவித்துவிட்டு, சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்து, ஒப்புகை எண்ணோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று அடுத்து யாராவது கூப்பிட்டால், அவரும் அதே கூட்டம்தான்.