சிவப்புக்கோடு விழாத தப்பைப் பாருங்க டீச்சர்!

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில 9ஆம் வகுப்புக்குத் தமிழ் எடுக்குறேன். பிள்ளைங்க ஹைடெக் லேப்ல கட்டுரைய டைப் பண்ணி, பிழை திருத்தியில போட்டு சரிபண்ணிட்டு வந்து நீட்டுறாங்க. பாக்க சுத்தமா இருக்கு. ஆனா அடுத்த வாரம் கையால எழுதச் சொன்னா அதே தப்பு அப்படியே வருது. இதப் பழக்கலாமா, நிறுத்திடலாமா?
– ஒரு தமிழாசிரியை

பதில்: நிறுத்த வேணாம் டீச்சர். ஆனா திருத்துற வேலைய மெஷின்கிட்ட குடுக்காதீங்க, தப்புன்னு தோணுற சொல்லுக்கு அடியில சிவப்புக்கோடு போடுற வேலைய மட்டும் குடுங்க. இப்ப உங்க பிள்ளைங்க செய்யறது என்னன்னா, கோடு விழுந்த சொல்ல தொடுறான், கீழ வர்ற முதல் சொல்ல அமுக்குறான், அடுத்ததுக்குப் போயிடுறான். எது தப்பு, ஏன் தப்புன்னு மண்டைக்குள்ள ஏறவே இல்ல, அப்புறம் கையால எழுதும்போது எங்கேருந்து வரும்?

முதல்ல அது என்ன பாக்குது, என்ன பாக்காதுன்னு தெரிஞ்சுக்கணும். நீச்சல்காரன்ங்கிற பேர்ல எழுதுறவர் செஞ்ச 'வாணி' எழுத்துப்பிழைக்கு, அவரோட 'நாவி' சந்திப்பிழைக்கு (ரெண்டு சொல் சேர்ற இடத்துல க், ச், த், ப் விடுறது, சேக்குறது), ரெண்டும் இலவசம், நல்லா உழைச்சு செஞ்சது. தமிழ்ல ஒரு வினைச்சொல்லே ஆயிரக்கணக்கான உருவத்துல வரும், 'போகவேண்டியிருந்ததால்'னு ஒரே சொல்லா எழுதுவோம், இதெல்லாம் அகராதியில அடுக்கி வைக்க முடியாது, பிரிச்சுப் பாத்துதான் சரியா தப்பான்னு சொல்லணும். அந்தளவுக்கு செய்யுது. ஆனா பெரும்பாலும் சொல் சொல்லாத்தான் பாக்கும், நீங்க எதப்பத்தி எழுதுறீங்கன்னு அதுக்குத் தெரியாது.

நம்ம ஊர்லேருந்தே ஒன்னு சொல்றேன். ஜூன் 12 மேட்டூர் திறப்பப் பத்தி கட்டுரை குடுங்க, 'குறுவை'ய (குறுகிய கால நெல் சாகுபடி) நாலு பேராவது 'குருவை'ன்னு எழுதுவாங்க. மெஷினுக்கு 'குரு' தெரியும், அதோட 'ஐ' சேந்தா 'குருவை', சரியான சொல்லுதானே, கோடு விழாது! வயல்ல 'களை'ன்றதுக்குப் பதிலா 'கலை' எடுத்தாங்கன்னு எழுதினாலும் விழாது, கலையும் ஒரு சொல்தான். ஒலி-ஒளி, பல்லி-பள்ளி எல்லாம் இதே கதைதான். 'மாடுகள் மேய்ந்தது'ன்னு எழுதினாலும் ரெண்டு சொல்லும் தனித்தனியா சரி, அதனால தப்பிச்சிடும், அது 'மேய்ந்தன'ன்னு நீங்கதான் சொல்லணும். இன்னொரு பக்கம் சரியா எழுதினதுக்கே கோடு விழும், தாளடி, அண்டை வெட்டுறதுன்னு வயல் சொல்லோ, வலங்கைமான்னு ஊர்ப் பேரோ எழுதினா அகராதியில இல்லாட்டி சிவப்புதான், பையன் பயந்துபோயி அழிச்சிடுவான். 'இது நம்ம சொல்லு, விடுடா'ன்னு சொல்ல ஒரு ஆள் பக்கத்துல வேணும்.

சந்தியில ரொம்ப ஜாக்கிரதை. இரண்டாம் வேற்றுமை விரியில, அதாவது 'ஐ' உருபு வெளிப்படையா வந்தா, வலி (க், ச், த், ப்) மிகும்னு சொல்லிக்குடுக்குறோம், 'பாலைக் குடித்தான்', சரி. உடனே ஐ ஓசையில முடியுற எதுக்குப் பின்னாடியும் க் ச் போட ஆரம்பிச்சிடுவாங்க. 'அரசு வேலை கொடுத்தது'ன்னா உத்தியோகம், அதையே 'வேலைக் கொடுத்தது'ன்னு எழுதினா முருகன் கையில இருக்குற வேல குடுத்துட்டாங்கன்னு ஆயிடும். எது உங்க மனசுல இருக்குன்னு எந்த மெஷினுக்கும் தெரியாது. இந்த மாதிரி இடத்துல கோடு விழுந்தாலும் விழாட்டியும் பிள்ளைங்கள விவாதம் பண்ண விடுங்க, சத்தம் வரட்டும் பரவால்ல.

நான் சொல்ற வழி இதுதான். முதல்ல கையால எழுதட்டும். அப்புறம் டைப் பண்ணட்டும். கோடு விழுந்தத உடனே மாத்தக்கூடாது, நோட்ல அந்த வாக்கியத்த எழுதி பக்கத்துல 'ஏத்துக்குறேன்' இல்லன்னா 'ஏத்துக்கல', ஏன்னு ஒரு வரி. அதுக்கு மேல பக்கத்துல உக்காந்திருக்கவன்கிட்ட முழு கட்டுரையையும் குடுத்து சத்தமா படிக்கச் சொல்லுங்க, கோடு விழாத தப்பு அங்கதான் காதுல விழும். மார்க்க சுத்தமான பிரதிக்குப் போடாம அந்த நோட்டுக்குப் போடுங்க, ஒரே மாசத்துல முதல் சொல்ல அமுக்குற பழக்கம் போயிடும். வாரத்துக்கு ஒரு வகை தப்பு போதும், இந்த வாரம் ர-ற, அடுத்த வாரம் ல-ள-ழ. எல்லாத்தையும் ஒரே நாள்ல திருத்தணும்னா உங்களுக்கும் தலவலி, அவங்களுக்கும் தலவலி. இன்னொன்னு, நெட்ல இருக்குற திருத்தியில போடுற கட்டுரையில பிள்ளைங்க முழுப்பேரு, வீட்டு போன் நம்பரெல்லாம் இருக்க வேணாம்.

கேள்வி: என் பொண்ணு 10ஆம் வகுப்பு, இங்கிலீஷ் லெட்டர எல்லாம் கிராமர்லிங்கிற இங்கிலீஷ் பிழை திருத்தியில போட்டுத்தான் எழுதுறா. பழகிட்டா பரீட்சையில என்ன பண்ணுவா?
– ஒரு அம்மா, கும்பகோணம்

பதில்: பரீட்சை ஹால்ல பேப்பரும் பேனாவும்தான்மா, அதனால பயம் நியாயம்தான். இங்கிலீஷுக்கு அது தமிழ் திருத்திகளவிட ரொம்ப கெட்டி, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்'னு எழுதினா 'ஃப்ரெண்ட்ஸ்'னு புடிச்சிடும், 'டிஸ்கஸ் அபௌட்'னா 'அபௌட்'ட எடுக்கச் சொல்லும், நம்ம பசங்க வழக்கமா சறுக்குற இடமே இதுங்கதான். ஒரு தப்ப ரெண்டு தடவ காட்டுச்சுன்னா அத ஒரு சின்ன நோட்ல எழுதச் சொல்லுங்க, பரீட்சைக்கு முந்தின வாரம் அந்த நோட்டப் படிச்சா போதும். மொத்த பாராவையும் மாத்தி எழுதித் தர்ற பட்டன மட்டும் தொட விடாதீங்க, அதுல வர்றது அவ இங்கிலீஷே இல்ல, டீச்சர் ரெண்டாவது வரியிலயே கண்டுபுடிச்சிடுவாங்க.