மொரிஸ் மைனர் கார் சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது. ஏன்?

கொழும்பின் காலி வீதி நெரிசலில் உங்கள் மைனர் 1000 அணைந்துபோய், அரை மணி நேரத்துக்குப் பிறகு தானாகவே சரியாகிறது என்கிறீர்கள். கார்பரேட்டரில் கை வைக்காதீர்கள். முதலில் தீப்பொறி.

நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் படும்படி வைத்துவிட்டு, இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். வயரைக் கையில் பிடிக்க வேண்டாம், அடிக்கும். நீலப் பொறி பலமாக வந்தால் பிழை பெட்ரோல் பக்கம்: பம்ப் டிக் டிக் என்கிறதா என்று கேளுங்கள்.

பொறி மஞ்சளாக நலிந்திருந்தால் என் முதல் சந்தேகம் கொண்டென்சர், அதாவது பொயின்றோடு இணைந்திருக்கும் சிறிய மின்தேக்கி. சூட்டில் அதன் உள்ளே இருக்கும் மின்காப்பு விட்டுப்போகும். அப்போது பொயின்ற் (கொயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) திறக்கும் இடத்திலேயே பொறி பறக்கும். பிளக்குக்கு உயர் வோல்ற்றேஜ் தரும் சுருளான கொயிலில் காந்தப்புலம் சட்டென்று விழாது. பிளக்குக்குப் போதிய வோல்ற்றேஜ் கிடைக்காது. பொயின்ற் முகம் கருகியிருந்தால் அதுவே சாட்சி. பொயின்றை மாற்றும்போது அது திறக்கும் இடைவெளி 0.38 மி.மீ.

அதற்கும் சரிவராவிட்டால் கொயில். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழையதையும் கையோடு கொண்டுபோங்கள். கொண்டென்சர் இரண்டாக வாங்குங்கள். புதியதே பழுதாக இருந்து நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

கடற்காற்றுப் படும் வீடென்றால் எர்த் வயர் முனைகளையும் சுரண்டிவிடுங்கள்.