படகு வாங்கலாமா?

கேள்வி: பெரிய மழை என்றாலே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டு ஆட்களை மீட்கிறார்கள். முதல் நாளே எச்சரிக்கை வந்தும் வீட்டை விட்டுக் கிளம்பாத மக்கள்மேல்தானே தப்பு? எங்கள் நலச்சங்கத்தில் சொந்தமாகவே ஒரு ரப்பர் படகு வாங்கலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். சரிதானே?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், மேற்கு தாம்பரம்)

பதில்: எந்த எச்சரிக்கையைச் சொல்கிறீர்கள்? செம்பரம்பாக்கம் ஏரியில் இத்தனை அடி தண்ணீர், இத்தனை கன அடி திறப்பு என்று டிவியில் கீழே ஓடுமே, அதுவா? அதை நம்பி உட்கார்ந்திருந்தால் முடிச்சூர்க்காரர் நனைய வேண்டியதுதான். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றில் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வருவது ஆதனூர், மணிமங்கலம் சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியாக, அதாவது உபரி நீர் வழிவதற்கென்று கரையில் கட்டியிருக்கும் தாழ்வான சுவர் வழியாக, இறங்குகிற தண்ணீர். கலங்கலுக்கு ஷட்டர் கிடையாது, திறக்கப் போகிறோம் என்று யாரும் மைக் கட்டிச் சொல்ல மாட்டார்கள், ஏரி நிறைந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் அதுபாட்டுக்கு வழியும்.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அன்று செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றி இன்னும் சண்டை போடுகிறோம். போட வேண்டியதுதான், தணிக்கை அறிக்கையே அதை மனிதத் தவறால் வந்த பேரிடர் என்றது. ஆனால் அந்தச் சண்டையில் மேல்பக்கத்துச் சின்ன ஏரிகளின் பெயர் எத்தனை தடவை வந்திருக்கிறது? போகட்டும், கன அடி கணக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். அதைப் பெருக்கிப் பார்த்து, நம் தெருவுக்கு முழங்காலா இடுப்பா, வருவது சாயங்காலமா விடிகாலையா என்று குடும்பத் தலைவி கண்டுபிடிக்க வேண்டுமா?

கிளம்பாதவர்களுக்கும் காரணம் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு அடியில் நாலு செங்கல், இன்வெர்ட்டர் பேட்டரி சாப்பாட்டு மேஜைமேல், படுத்த படுக்கையான மாமியார் கட்டிலில். இவர்கள் எங்கே போவார்கள்? மாடியில் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைப்பார்கள். கரண்டு போய், மோட்டார் ஓடாமல் மேல்தொட்டி காலியாகி, போனில் சார்ஜும் தீர்ந்த பிறகுதான் படகைத் தேடுவார்கள். 2023 டிசம்பரில் காரப்பாக்கத்தில் மாட்டிக்கொண்ட நடிகர்கள் விஷ்ணு விஷாலும் ஆமீர் கானும்கூட தீயணைப்புத் துறைப் படகில்தான் வெளியே வந்தார்கள். விஷ்ணு விஷால் மொட்டை மாடியிலிருந்து போட்ட பதிவை நாடே பார்த்தது. பக்கத்துத் தெரு பாட்டி எதில் பதிவு போடுவார்?

நான் கோபப்படுவது வேறு ஒரு கூட்டத்தின்மேல். தண்ணீர் ஓடுகிற ரோட்டில் 'போயிடலாம் வாங்க' என்று காரை விடுகிறார்களே, அவர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே நிற்கிற ஆளைத் தள்ளிவிடும், 30 செ.மீ. வந்தால் சின்னக் கார் மிதக்கத் தொடங்கிவிடும். இவர்களை மீட்கப் போகிற படகு அந்தப் பாட்டிக்குப் போக வேண்டிய படகு. வேளச்சேரிக்காரர்கள் 2024-ல் மழைக்கு முன்னாடியே காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியதைக் கிண்டல் செய்தோம். அவர்கள் விவரமானவர்கள்.

இனி உங்கள் படகு. உங்கள் நகரில் காம்பவுண்டு சுவர்மேல் கண்ணாடிச் சில்லு பதித்த வீடு எத்தனை, ஈட்டி வைத்த கேட் எத்தனை? எல்லாம் தண்ணீருக்குள் மறைந்திருக்கும்போது ரப்பர் படகு எத்தனை கேட்டைத் தாண்டும்? 2015-ல் மீனவர்கள் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். நீரோட்டத்தைப் பார்த்ததும் எந்தச் சந்தில் போகலாம், எதில் கூடாது என்று தெரிந்தவர்கள் அவர்கள். உங்கள் சங்கத்தில் துடுப்புப் பிடிக்கப் போவது செயலாளரா, பொருளாளரா? படகை வைக்கப் போகிற சங்க அறையும் தரைத்தளத்தில்தான் இருக்கும், இல்லையா?

தீர்மானத்தை மாற்றுங்கள். ஆதனூரிலும் மணிமங்கலத்திலும் ஏரிக்கரையோரம் குடியிருக்கிற இரண்டு பேரைப் பிடித்து நம்பர் வாங்குங்கள், கலங்கல் வழியத் தொடங்கியதும் ஒரு போன் அடிக்கச் சொல்லுங்கள். படகுக் காசில் மாமியாரை வண்டியில் ஏற்றி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் போன் வந்து, வாசலில் வண்டியும் நின்று, அப்புறமும் ஒருவர் கிளம்பவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். உங்களோடு சேர்ந்து நானும் திட்டுகிறேன்.