அலுவலக சோஷியல் கிளப்பில் மாலைப் படகுப் பயணம், டின்னர் என்று கூப்பிடுகிறார்கள். குடிக்காத, சைவம் சாப்பிடும் நான் போகலாமா?

தாராளமாகப் போங்கள். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் வந்த புதிதில் இதே மாதிரி இரண்டு அழைப்புகளை ஏதேதோ சாக்குச் சொல்லிக் கழித்தவன் நான். மூன்றாவதற்குப் போனது ஆசையில் இல்லை, வயிற்றெரிச்சலில். கிளப்புக்கென்று ஒவ்வொரு சம்பளத்திலும் ஐந்து டாலர் பிடிக்கிறார்கள். நம் காசில் மற்றவர்கள் எத்தனை தடவைதான் சாப்பிடுவார்கள்?

ஜூலை மாத வெள்ளிக்கிழமை. அங்கே அது குளிர்காலம், ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். சவுத் பேங்க் படகுத்துறையில் பதினெட்டுப் பேர் கூடினோம். நாங்கள் ஏறிய 'சிட்டிகேட்' (CityCat) உல்லாசப் படகெல்லாம் இல்லை, நம் டவுன் பஸ் மாதிரி ஆற்றில் ஓடுவது. 2024 ஆகஸ்டிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் 50 சென்ட்தான். இந்த லட்சணத்தில், "படகுக் கட்டணத்தை கிளப் ஏற்காது" என்று எங்கள் செயலாளர் அம்மா மெயிலில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்!

உள்ளே சூடாக இருக்கை இருந்தாலும் முன்பக்கத் திறந்த தளத்தில் போய் நில்லுங்கள், ஜாக்கெட் மட்டும் அவசியம். பிரிஸ்பேன் ஆறு பகலில் புதுவெள்ளம் வந்த தாமிரபரணி நிறத்தில் இருக்கும். இருட்டிவிட்டால் அந்தக் குறை தெரியாது. வலது பக்கம் கங்காரு பாயிண்ட் பாறைச் சுவர், விளக்கு வெளிச்சத்தில் கயிறு கட்டி ஏறிக்கொண்டிருப்பார்கள். அது தாண்டி ஒரு வளைவு, பிறகு 1940-இல் திறந்த ஸ்டோரி பாலம் தலைக்கு மேலே. ஒவ்வொரு துறையிலும் படகு அணையும்போது ஊழியப் பெண் கயிற்றை ஒரு வீசு வீசுவார். மேடையிலிருக்கும் இரும்புக் குற்றியில் மாலை போட்ட மாதிரி விழும். ஒருமுறைகூடத் தவறவில்லை. நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

அப்போது பக்கத்தில் வந்து நின்றவர் என் மேனேஜர். எட்டு மாதமாக எங்களுக்குள் வேலையைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. அவராகவே 2011 ஜனவரி வெள்ளத்தைப் பற்றி ஆரம்பித்தார். இந்தத் துறைகள் பல சிதைந்துபோனதாம். கரையோர மிதவை நடைபாதையில் முந்நூறு மீட்டர் நீளத் துண்டு ஒன்று அறுந்து ஆற்றோடு போக, ஒரு சின்ன இழுவைப் படகு அதை முட்டித் தள்ளி, எதிலும் மோதாமல் கொண்டுபோய்ச் சேர்த்ததாம். அவர் வீட்டில் மட்டும் முழங்கால் அளவுக்குச் சேறு. என் ஊர் ஸ்ரீவைகுண்டம். 2023 டிசம்பர் மழையில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டு, எண்ணூறு பேர் போல தவித்த கதையைச் சொன்னேன். "ரயிலா? நின்ற இடத்திலேயேவா?" என்று மூன்று முறை கேட்டார். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: "நேராக ஹோட்டலுக்கு வந்துவிடலாம்" என்று அழைப்பில் இருந்தாலும் படகை விடாதீர்கள். எங்கள் கூட்டத்தில் படகில் யார் கையிலும் கிளாஸ் இல்லை. பேச்சு தீர்ந்தால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், அலுத்தால் நகர்ந்துவிடலாம். சாப்பாட்டு மேஜையில் அப்படியா? இரண்டு பக்கமும் யார் வாய்த்தாரோ அவரோடு இரண்டு மணி நேரம்.

சாப்பாடு நாங்கள் இறங்கிய புலிம்பாவில், துறையிலிருந்து நடக்கிற தூரம். சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். காளான் ரிசோட்டோ வந்தது, கிட்டத்தட்ட நம் குழைந்த வெண்பொங்கல்தான். முதல் வாய்க்கு முன்னால் ஏதோ தோன்றி, எதில் வேகவைத்தது என்று கேட்டேன். பரிமாறியவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, கூசாமல் "சிக்கன் ஸ்டாக்" என்றார், அதாவது கோழி வேகவைத்த சாறு. செயலாளர் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு உருளைக்கிழங்கு சிப்ஸும் சாலட்டும்தான். நீங்களும் "சைவம்" என்று மட்டும் எழுதாதீர்கள். முட்டை, மீன், ஸ்டாக் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.

குடியைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. ஆனால் 'ஷவுட்' என்று ஒரு பழக்கம் உண்டு: இந்தச் சுற்று ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்த சுற்று இன்னொருவர். அதில் சேராமல் உங்களுடையதை நீங்களே வாங்கிக்கொண்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. 'லெமன் லைம் பிட்டர்ஸ்' என்பதை ஜூஸ் என்றே எல்லோரும் குடிப்பார்கள். அதில் விடும் சில துளி பிட்டர்ஸ் சாராயத்தில் ஊறியது. ஒரு துளியும் கூடாது என்பவர்களுக்குச் சோடாதான் வழி.

இரண்டு மாதம் கழித்து அடுத்த டின்னருக்கு மெயில் வந்தது. நான் வருகிறேன் என்று பதில் போடுவதற்கு முன்பே, பட்டியலில் என் பெயருக்கு நேராகச் செயலாளர் அம்மா எழுதி வைத்திருந்தார்: "சிக்கன் ஸ்டாக் கூடாது. நானே போன் செய்து கேட்டுவிட்டேன்."