மூன்றாம் நாள் எடுத்த நரம்புப் பரிசோதனை ‘நார்மல்’ என்றால் ஜிபிஎஸ் இல்லை என்று பொருளா?

உங்கள் கேள்வி இது: அப்பாவுக்கு 58 வயது, காலில் தொடங்கிய தளர்ச்சி மூன்றே நாளில் கைக்கும் ஏறிவிட்டது, நரம்புக் கடத்தல் பரிசோதனை நார்மல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, மருத்துவரோ இது கில்லன்-பாரே சிண்ட்ரோம்தான் (ஜிபிஎஸ், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே நரம்புகளைத் தாக்கும் நோய்), ஊசியை இன்றே தொடங்க வேண்டும் என்கிறார், எதை நம்புவது?

மருத்துவரை நம்புங்கள். ரிப்போர்ட்டிலும் பொய் இல்லை, அதை எடுத்த நாள்தான் அப்படிப்பட்டது. சென்னையில் ஒரு மருத்துவமனையின் நரம்பு மின்னியல் அறையில் 19 ஆண்டுகளாக டெக்னீஷியனாக இருக்கிறேன். நோய்க்குப் பெயர் சூட்டுவது என் வேலையன்று. அந்தத் தாளில் உள்ள எண்கள் எப்படி உருவாகின்றன என்பதை அன்றாடம் காண்பவள் என்ற அளவில் மட்டும் எழுதுகிறேன்.

மணிக்கட்டில் நரம்பின் மேல் சிறு மின்தூண்டல் கொடுத்தால் கட்டைவிரல் மேட்டுத் தசை துடிக்கும். அந்தத் துடிப்பு திரையில் ஓர் அலையாக எழும். அடுத்து முழங்கை மடிப்பில் தூண்டுவோம். இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை டேப்பால் அளந்து, நேர வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். நலமான கையில் அது நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டருக்குக் குறையாது, காலில் 40. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைந்தால் வேகம் குறையும், உள்ளிருக்கும் நரம்பிழையே பழுதானால் அலையின் உயரம் குறையும். சிக்கல் என்னவென்றால், இந்த நோயின் முதல் நாள்களில் அழற்சி பெரும்பாலும் தண்டுவடத்திலிருந்து நரம்பு வேர்கள் புறப்படும் இடத்தில்தான் மும்முரமாக இருக்கும். நாங்கள் அளப்பதோ மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே. தாம்பரத்தில் தண்டவாளம் பெயர்ந்திருக்க, பூங்கா நிலையத்துக்கும் எழும்பூருக்கும் நடுவே மின்ரயிலின் வேகத்தை அளந்து எல்லாம் சரி என்று எழுதுவது போன்றது அது.

வேர் வரை எட்டிப் பார்க்க எங்களுக்கு உள்ள வழி எஃப் அலை. மணிக்கட்டில் கொடுத்த தூண்டல் மேல்நோக்கித் தண்டுவடம் வரை ஓடி, அங்கிருந்து திரும்பி வந்து அதே தசையைச் சற்றே அசைக்கும். கையில் இதற்கு ஏறக்குறைய 30 மில்லிசெகண்டு ஆகும். ஒவ்வொரு தூண்டலுக்கும் அது வராது என்பதால் பத்து, இருபது முறை தூண்டிப் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் தசையில் எடுக்கும் ஹெச் ரிஃப்ளெக்ஸும் இவ்வகையே. முதல் வாரத்தில் பல நேரம் இவை இரண்டு மட்டுமே கெட்டிருக்கும். அவசரத்தில் இவற்றை எடுக்காமலே ‘நார்மல்’ என்று எழுதி அனுப்புகிற இடங்கள் உண்டு. எனவே உங்கள் தாளில் எஃப் அலைக்கான கட்டம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் நாளில் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். பத்து நாள் முன்பு வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. (2025 தொடக்கத்தில் புணேயில் பலருக்கு ஒரே சமயத்தில் ஜிபிஎஸ் வந்தபோது பேசப்பட்ட கேம்பிலோபாக்டர் கிருமியின் வழக்கமான பாதை இதுதான்.) வேறோர் இடத்தில் எடுத்த நார்மல் ரிப்போர்ட் கையில் இருந்தது, எஃப் அலைக் கட்டம் காலி. “கரண்ட் வச்சா இருக்கிற பலமும் போயிடுமா மேடம்?” என்று அவர் மனைவி கேட்டார். முதல் தூண்டலை என் மணிக்கட்டிலேயே வைத்துக் காட்டினேன். நோயாளியின் உள்ளங்கை ஏசி வார்டின் குளிரில் ஐஸ் போல இருந்தது. தோலின் வெப்பம் 28 டிகிரி. ஒரு டிகிரி குறைந்தால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் குறைந்து காட்டும் என்பதால், வெந்நீர்ப் பையை வைத்து 32 ஆகும் வரை காத்திருந்தேன். அப்படியே எடுத்திருந்தால் இல்லாத பழுதை நானே உண்டாக்கியிருப்பேன். வேகம் 54 வந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு எஃப் அலைக்காக இருபது முறை தூண்டினேன். இருபது முறையும் முதல் அலை நிமிர்ந்து நின்றது. அதன் பின்னால் வரவேண்டிய சிற்றலை ஒன்றுகூட வரவில்லை, கோடு வெறுமனே ஓடியது. அன்று மாலையே அவருக்கு இம்யூனோகுளோபுலின் (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம், உங்கள் மருத்துவர் சொல்லும் ஊசி) ஏற்றத் தொடங்கினார்கள்.

பதினான்காம் நாள் மறுபடி எடுத்தபோது, மணிக்கட்டிலிருந்து கட்டைவிரலுக்கு 3.6 மில்லிசெகண்டில் போன தூண்டலுக்கு 8-க்கு மேல் ஆனது. முழங்கையில் தூண்டியபோது எழுந்த அலை, மணிக்கட்டில் தூண்டியபோது எழுந்ததில் பாதிகூட இல்லை. வழியில் கடத்தல் அடைபட்டிருக்கிறது என்று பொருள். விரல்களில் உணர்வு நரம்பின் அலை காணோம், கணுக்காலருகே உள்ள சூரல் நரம்பிலோ அது பழுதின்றி இருந்தது. இந்த முரண் எங்களுக்கு மிகவும் வேண்டியது. சர்க்கரை நோய் நரம்பைக் கெடுக்கும்போது காலிலிருந்துதான் தொடங்கும். ஐம்பதைத் தாண்டிச் சர்க்கரை இல்லாதவர் என் அறைக்கு வருவதே அரிது என்பதால், சூரல் தப்பித்து கை கெட்டிருப்பதைக் கண்டால் இது வேறு என்று உடனே உறைக்கும்.

1916-இல் இந்த நோயை எழுதிய பிரெஞ்சு மருத்துவர்கள் மூவர்: கில்லன், பாரே, ஸ்ட்ரோல். மின் ஆய்வைச் செய்தவர் மூன்றாமவர், பெயரிலிருந்து உதிர்ந்துபோனவரும் அவரே. அந்த வேலையையே செய்கிறவளுக்கு இதில் சிறு மனத்தாங்கல் உண்டு.

மயலின் வகையா, நரம்பிழை வகையா என்று முதல் ரிப்போர்ட்டில் எழுதுவதையும் முடிவாகக் கொள்ள வேண்டாம்; இரண்டாம் பரிசோதனையில் வகை மாறிப்போவது உண்டு, சிகிச்சை இரண்டுக்கும் ஒன்றே. முதுகுத்தண்டு நீரில் புரதம் கூடுவதும் பல நேரம் முதல் வாரம் கடந்த பிறகுதான் தெரியும். ஆக, மருத்துவர் தளர்ச்சி ஏறும் விதத்தையும், சுத்தியலால் தட்டும்போது முழங்கால் துள்ளாததையும், பொட்டாசியம் குறைவு போன்றவை காரணமல்ல என்று உறுதி செய்ததையும் வைத்தே முடிவெடுக்கிறார். இம்யூனோகுளோபுலின் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள். 60 கிலோ என்றால் தினம் 24 கிராம். தளர்ச்சி தொடங்கி இரண்டு வாரத்துக்குள் கொடுப்பதற்கே பலன் நிரூபணமாகியிருக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையும் அதற்கு ஈடானதே. செலவு இடிக்கிறதென்றால் அதைப் பற்றிக் கேளுங்கள். ஸ்டீராய்டு இதில் உதவாது.

இன்றிரவு ரிப்போர்ட்டைவிட அப்பாவின் மூச்சைக் கவனியுங்கள். சடுகுடு பாடுவது போல ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். காலையில் 30 வரை போனவர் மாலையில் 20-ஐத் தொடவில்லையென்றால் உடனே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும். இந்நோயில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுகிறது.

மறு பரிசோதனையை இரண்டாம் வார முடிவில் கேட்டு வாங்குங்கள். பழைய தாளையும் கொண்டுவாருங்கள். அன்று காலை மட்டும் கை கால்களில் தைலம் தேய்க்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எலெக்ட்ரோடு ஒட்டாது. ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்தே எங்களுக்குக் கால் மணி நேரம் போய்விடும்.